அடிக்காத கணவர் கொடுமைக்காரராக இருக்க முடியுமா?

அக்காவுக்குத் திருமணமாகி ஆறு வருடம், நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை, தனியார் பள்ளியில் ஆசிரியை வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். மாமா குடிப்பதில்லை, இதுவரை கை ஓங்கியதில்லை. ஆனால் அக்காவின் சம்பள ஏடிஎம் கார்டு அவரிடம் இருக்கிறது. போனை எடுக்கத் தாமதமானால் அன்று வீட்டில் பேச்சே இருக்காது. அம்மா வீட்டுக்கு வந்தால் யார் யார் இருக்கிறார்கள் என்று வீடியோ காலில் சுற்றிக் காட்ட வேண்டும். கல்லூரித் தோழிகள் ஒவ்வொருவராக விலகிவிட்டார்கள். கேட்டால் "அவருக்கு நான்னா உயிர்டா" என்கிறார் அக்கா. "அடிக்கலை, குடிக்கலை, இதுக்கு மேல என்ன வேணும்?" என்கிறார் அம்மா. இது அளவு மீறிய அன்பா, கொடுமையா, மாமாவிடம் நேரில் போய்க் கேட்டுவிடலாமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்குள் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: காயம் என்று காட்ட எதுவும் இல்லாதபோது தலையிட ஒரு தம்பிக்கு உரிமை உண்டா, இல்லை, வாழப்போன இடத்தில் மூக்கை நுழைக்கிறோமா என்ற தயக்கம். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் மனநல சமூகப்பணி படித்தவள். குடும்ப ஆலோசனை மையத்தில் பல வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். குடும்ப வன்முறை மனுக்களுக்குப் பெண்களிடம் உட்கார்ந்து விவரம் கேட்டு எழுதுவதும் அதில் ஒரு பகுதி. வழக்கறிஞர் அல்ல. தம்பி எழுதிய பத்து வரியை வைத்து உங்கள் மாமா இப்படிப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. அக்காவே பேசினால் கதை இதைவிட மோசமாகவும் இருக்கலாம், இவ்வளவு இல்லாமலும் இருக்கலாம். எங்கே பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில், சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியது. அடி இல்லை என்பதால் கொடுமை இல்லை என்று ஆகிவிடாது. நம் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடலளவில், பாலியல் ரீதியாக, சொல்லாலும் மனத்தளவிலும், பொருளாதார வழியில் என்று நான்கு வகைத் துன்புறுத்தலையும் அது குடும்ப வன்முறை என்றே வரையறுக்கிறது. விதிகளோடு வரும் குடும்ப நிகழ்வு அறிக்கைப் படிவத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். சம்பளத்தை எடுத்துக்கொள்வது, சம்பளத்தைச் செலவழிக்க விடாதது, குறிப்பிட்ட ஒருவரைச் சந்திக்க விடாமல் தடுப்பது, வீட்டை விட்டு வெளியே போக விடாதது, நடத்தையில் பழி சொல்வது, தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டுவது எல்லாம் அதில் வரி வரியாக அச்சாகியிருக்கின்றன. கன்னத்தில் விரல் தடம் இருந்தால்தான் மனு எடுப்போம் என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது.

தேசியக் குடும்பநல ஆய்வுக்காக வீடு வீடாக வருகிறவர்களும் திருமணமான பெண்களிடம் இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள். வேறு ஆண்களிடம் பேசினால் கணவர் கோபப்படுகிறாரா, நடத்தையில் அடிக்கடி சந்தேகப்படுகிறாரா, தோழிகளைப் பார்க்க விடுவதில்லையா, பிறந்த வீட்டோடு தொடர்பைக் குறைக்கப் பார்க்கிறாரா, எந்நேரமும் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்தாக வேண்டும் என்கிறாரா, பணவிஷயத்தில் உங்களை நம்புவதில்லையா: ஆறு கேள்விகள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் அக்கா மனம்விட்டுப் பதில் சொன்னால் நான்குக்காவது ஆம் வரும் போலிருக்கிறது. அதே ஆய்வின் 2019-21 சுற்றில், 18 முதல் 49 வயது வரையிலான திருமணமான பெண்களில் கணவரிடம் உடலளவிலோ பாலியல் ரீதியாகவோ வன்முறையை அனுபவித்தவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38 பேர். அம்மாவின் "அடிக்கலையே" எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும். பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் அடி விழுவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அடிக்காத மருமகன் ஒரு வரம். அம்மாவோடு அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

மனைவியை அடிக்காமலே ஆட்டிவைக்கும் இந்த முறைக்கு ஆங்கிலத்தில் கோர்சிவ் கன்ட்ரோல் என்று பெயர். தமிழில் அடக்கியாளும் கட்டுப்பாடு எனலாம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டுலூத் என்ற ஊரில் 1980-களில் அடிபட்ட பெண்களைக் கூட்டிவைத்து அவர்கள் சொன்னதையெல்லாம் தொகுத்து ஒரு சக்கரப் படம் வரைந்தார்கள். அடி உதை சக்கரத்தின் வெளி விளிம்பில் வருகிறது. உள்ளே ஆரக்கால்களாக நிற்பவை தனிமைப்படுத்துவது, பணத்தைப் பிடித்துவைப்பது, குழந்தையை வைத்து மிரட்டுவது, மட்டம் தட்டுவது, 'நான் என்ன செய்துவிட்டேன்' என்று சாதிப்பது போன்றவை. எவன் ஸ்டார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2007-ல் இதை இன்னும் கூர்மையாகச் சொன்னார்: இது முதலில் ஒருவருடைய சுதந்திரத்தின் மீது நடக்கும் குற்றம், உடல்காயம் அதற்குப் பிறகுதான். அந்தப் பார்வை சட்டத்துக்குள்ளும் வந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2015 டிசம்பர் 29 முதல் இது தனிக் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. ஸ்காட்லாந்தில் 2019 ஏப்ரல் 1 முதல், அதிகபட்சம் பதினான்கு வருடம். இந்தியாவில் இந்தப் பெயரில் தனிக் குற்றம் கிடையாது. அதனால் நமக்கு என்ன குறைகிறது, என்ன குறையவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதி, அன்பா கொடுமையா என்பது. இந்தப் பட்டியல்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் பாதித் தமிழ்நாடு அதில் மாட்டும். சம்பளத்தை வீட்டுக்காரரிடம் கொடுப்பது, வெளியே போகும்போது சொல்லிவிட்டுப் போவது, இரவு நேரமானால் போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று கேட்பது எல்லாம் நம் ஊரில் சண்டை சச்சரவில்லாத குடும்பங்களிலும் நடக்கிறது. எத்தனையோ வீடுகளில் கணவரின் ஏடிஎம் கார்டு மனைவியிடம் இருக்கும். ஆகவே நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் தோண்டித் தோண்டிக் கேட்பேன்: 'முடியாது' என்று சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது?

அடையாளம் தெரியாதபடி மாற்றி இரண்டு வீடுகளைச் சொல்கிறேன். இரண்டிலும் கார்டு கணவரிடம்தான். முதல் வீட்டில் அந்தப் பெண் ஒரு மாதம் "இந்தத் தடவை நானே வச்சுக்கறேன், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செலவு இருக்கு" என்றார். கணவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார், இரண்டு நாள் முணுமுணுத்தார், மூன்றாம் நாள் மாமியாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு அவரே வண்டியில் கூட்டிப்போனார். இரண்டாவது வீட்டிலும் ஒரு பெண் அதையே கேட்டார். கணவர் சத்தம் போடவில்லை. மூன்று வாரம் அவர் சமைத்ததைத் தொடவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மாமனாருக்குப் போன் போட்டு "உங்க பொண்ணு யாருக்குப் பணம் கொடுக்கணும்னு அலையறான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். குழந்தையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டு, குழந்தை முன்னாலேயே "உங்கம்மாகிட்ட கேளு, அவகிட்டதான் இப்ப காசு" என்றார். அதன்பிறகு அந்தப் பெண் ஒருநாளும் கேட்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது சண்டையே இல்லாத குடும்பம்.

அந்த அமைதியில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஒரு வருடம் எந்தப் பிரச்சினையும் நடக்காத வீட்டில் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். உண்மையிலேயே பிரச்சினை இல்லை, அல்லது ஒரு ஆள் மறுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார். அதனால் எத்தனை முறை சண்டை வந்தது என்று எண்ணிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. எதையெல்லாம் அவர் செய்யாமல் விட்டுவிட்டார் என்று பாருங்கள். எந்தச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் போவதில்லை, எந்த நிறத்தில் புடவை எடுப்பதில்லை, எந்தத் தோழி பேரைச் சொல்வதில்லை, எத்தனை மணிக்குள் போனைக் கீழே வைத்துவிடுகிறார். வருடத்துக்கு ஒரு விரற்கடை வரப்பை நகர்த்தும் பக்கத்து நிலத்துக்காரரைப் போலத்தான் இது நடக்கும். எந்த வருடமும் சண்டைக்குப் போகிற அளவுக்கு இருக்காது. ஆறாம் வருடம் அளந்து பார்த்தால் ஒரு பாத்தியே போயிருக்கும்.

இன்னொரு பெண்ணின் கைப்பை நினைவில் இருக்கிறது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் நடத்துநர் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். நாமெல்லாம் இறங்கும்போதே கசக்கிப் போட்டுவிடுவோம். அவர் ஒவ்வொன்றையும் நீவி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாக வைத்திருந்தார். கூட்டத்தில் நடத்துநர் கொடுக்க மறந்தால் இறங்குவதற்குள் போராடி வாங்கிவிடுவார். எதற்கு என்று கேட்டேன். "எந்த பஸ்ல வந்தேன்னு கேப்பாருங்க" என்றார், 'வெயிலடிக்குது' என்கிற குரலில். அவர் என்னிடம் வந்தது தூக்கம் வரவில்லை, தலைவலி என்று. கணவரைப் பற்றிப் புகார் எதுவும் சொல்ல வரவில்லை. அந்தச் சீட்டுக் கட்டு அவருக்கு ஒரு புகாராகவே தோன்றவில்லை.

அடிக்காமல் இவ்வளவு பயம் எப்படி வரும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பல வீடுகளில் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை ஏதோ நடந்திருக்கும். சாப்பாட்டுத் தட்டு சுவரில் போய் மோதியிருக்கும். அவளைப் பின்னால் உட்காரவைத்து, ஒரு வார்த்தை பேசாமல், புறவழிச்சாலையில் லாரிகளுக்கு நடுவே பைக்கை விரட்டியிருப்பார். இல்லையென்றால் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்து, "உன் பேரை எழுதி வச்சிட்டுத்தான் போவேன்" என்றிருப்பார். அதன்பிறகு கையை ஓங்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணைக் காட்டினால் போதும். அக்காவிடம் "மாமா உன்னை அடிச்சிருக்காரா?" என்று கேட்டால் "சேச்சே" என்றுதான் பதில் வரும். "அவர் கோபத்தைப் பார்த்து நீ ரொம்பப் பயந்துபோன நாள்னு ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் வேறு பதில் வரக்கூடும்.

"அவருக்கு நான்னா உயிர்" என்று அக்கா சொல்வதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க ஈரத்துணி போடுகிற ஆளே மறுநாள் போனைப் பிடுங்கிப் பார்க்கிறவராகவும் இருப்பார். பாசம் நடிப்பாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நல்ல நாட்கள் இருப்பதால்தான் 'நான் ஒழுங்கா இருந்தா அவரும் நல்லாத்தான் இருக்கார்' என்ற கணக்கு மனதில் உட்காருகிறது. அப்புறம் எல்லாத் தப்பும் தன்னுடையதாகிவிடுகிறது. ரொம்பப் படித்த பெண்கள்தான் இந்தக் கணக்கில் இன்னும் ஆழமாகச் சிக்குகிறார்கள் என்பது என் அனுபவம். பரீட்சையில் மார்க் குறைந்தால் இன்னும் உழைக்க வேண்டும் என்று பழகியவர்கள் அல்லவா.

போன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்குக் கட்டுப்பாட்டில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. வீடியோ காலைப் பார்த்துவிட்டீர்கள், பார்க்காதது நிறைய இருக்கும். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தில் இன்னொரு கணினி இணைந்திருந்தால் அக்காவுக்கு வரும் ஒவ்வொரு செய்தியும் அங்கேயும் போகும். கூகுள் மேப்பில் இருக்கும் இடத்தைப் பகிரும் வசதியை ஒருமுறை போட்டுவிட்டால் பிறகு யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. இவற்றையெல்லாம்விடப் பெரிது, வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் யாருடைய கைப்பேசி எண் பதிவாகியிருக்கிறது என்பது. கல்யாணமான கையோடு பேர் மாற்ற, விலாசம் மாற்ற என்று போகும்போது "என் நம்பரையே கொடுத்துடறேன், எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்" என்று நிறைய கணவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான். ஆனால் கட்டுப்படுத்துகிறவர் கையில் அது ஒரு பூட்டு. ஓடிபி எல்லாம் அவருக்கே போகும். அக்கா புதிதாக ஒரு கணக்குத் திறக்கவோ, ஜிபே போடவோ, ஆதாரைப் பதிவிறக்கவோ முனைந்தால் அவருடைய போன்தான் முதலில் அடிக்கும். மாற்ற வழி உண்டு. ஆதாரில் எண்ணை மாற்ற ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும், பழைய எண்ணின் ஓடிபி தேவையில்லை. வங்கி எண்ணைக் கிளையில் எழுதிக் கொடுத்து மாற்றலாம். ஆனால் மாற்றினால் பழைய எண்ணுக்குச் செய்தி வராமல் நின்றுபோவதே அவருக்குத் தகவல் ஆகிவிடும். எப்போது மாற்றுவது என்பதை அக்காதான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் ஆர்வக்கோளாறில் செய்துவிடாதீர்கள்.

நம் ஊரில் இதை ஒரு ஆள் தனியாகச் செய்வதும் குறைவு. மேலைநாட்டுப் பாடப்புத்தகங்களில் கணவன் மனைவி இரண்டு பேர்தான் இருப்பார்கள். இங்கே மாமியார் வாசலில் உட்கார்ந்து எத்தனை மணிக்கு வந்தாள் என்று சொல்வார், நாத்தனார் ஸ்டேட்டஸைப் பார்த்துச் சொல்வார், பிறந்த வீட்டிலேயே "அவர் சொல்றபடி இருந்துட்டுப் போயேன்" என்பார்கள். கணவரின் வீட்டுப் பெண்கள் மேலும் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு கொடுக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2016-ல் தெளிவாக்கிவிட்டது.

இப்போது எனக்கு நிச்சயமில்லாத பகுதி. கட்டுப்பாடு மாதிரித் தெரிகிற எல்லாமே கட்டுப்பாடு அல்ல. சில ஆண்களுக்குச் சந்தேகம் ஒரு நோயாகவே இருக்கும். ஆதாரமே இல்லாமல் அசைக்க முடியாத நம்பிக்கை, துணிமணியை முகர்ந்து பார்ப்பது, குழந்தை என்னுடையதுதானா என்பது வரை போகும். பல வருடக் குடியோடு சேர்ந்து வருவதையும் பார்த்திருக்கிறோம். அதற்கு மனநல மருத்துவரிடம் சிகிச்சை உண்டு. உங்கள் மாமா குடிப்பதில்லை என்பதால் நோய் இல்லை என்று நான் தள்ளிவிட மாட்டேன், இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் நோய் என்றாலும் அக்காவுக்கு ஆபத்து குறையாது. சந்தேக நோய் உள்ளவரால் மனைவியின் உயிருக்கே ஆபத்து வந்ததுண்டு. சாதாரணப் பதற்றக்காரர்களும் இருக்கிறார்கள். முன்பு ஒரு விபத்தில் யாரையோ இழந்தவர் பத்து தடவை போன் செய்வார், எடுக்காவிட்டால் அழுவார், ஆனால் எடுக்காததற்குத் தண்டனை தரமாட்டார். இரண்டு பேரும் சரிக்குச் சமமாகக் கத்திக்கொள்கிற வீடுகள் வேறு ரகம். அங்கே யாரும் யாருக்கும் பயப்படுவதில்லை. ஒருவர் மற்றவரை அடக்கியாள்வது, இருவரும் சரிக்குச் சமமாக மோதிக்கொள்வது என்ற இந்த இரண்டு வகையையும் மைக்கேல் ஜான்சன் என்ற சமூகவியலாளர் 1995-லேயே பிரித்துக் காட்டினார். ஒன்றுக்குச் சொல்லும் ஆலோசனை மற்றதற்குப் பொருந்தாது. ஆண்களும் இப்படி அடக்கப்படுவதுண்டு, என்னிடம் வந்திருக்கிறார்கள். மேலே சொன்ன சட்டம் பெண்களுக்கு மட்டுமானது, அதனால் அவர்களுக்கு வழி வேறு. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சட்டத்தில் எது நடக்கும், எது நடக்காது என்பதிலும் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. போலீஸ் வழக்கு என்று போனால் முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆம் பிரிவுகள். அதில் 'கொடுமை' என்றால் தற்கொலைக்குத் தள்ளக்கூடிய, அல்லது உயிருக்கோ உடலுக்கோ மனநலத்துக்கோ கடும் கேடு தரக்கூடிய நடத்தை, அல்லது சொத்து பணம் கேட்டுத் தொல்லை கொடுப்பது. கார்டும் வீடியோ காலும் மட்டும் வைத்து அந்த அளவுக்கு நிரூபிப்பது கடினம். குடும்ப வன்முறைச் சட்டம் உரிமையியல் (சிவில்) தன்மை கொண்டது. அங்கேதான் இது போன்ற விஷயங்களுக்கு இடம் இருக்கிறது. கணவரைச் சிறையில் தள்ளாமலே, விவாகரத்தும் கேட்காமலே, 'இப்படிச் செய்யக்கூடாது' என்று 18-ஆம் பிரிவில் பாதுகாப்பு உத்தரவு, வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாதபடி 19-ல் குடியிருப்பு உத்தரவு, 20-ல் பண உதவி, 21-ல் குழந்தையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் உத்தரவு கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அது குற்றம்: ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்பது சட்டம் வைத்த இலக்கு. நடைமுறையில் மாதங்கள் இழுக்கும், வருடமும் ஆகலாம். மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவதும் அடிக்கடி நடப்பதுதான். பயம் இருக்கும் வீட்டில் சேர்ந்து உட்காரவைத்துச் செய்யும் ஆலோசனையை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. அந்த அறையில் அவள் சொல்கிற உண்மைக்கு அன்று ராத்திரி வீட்டில் கணக்குத் தீர்க்கப்படும்.

மாமாவிடம் நேரில் கேட்கலாமா என்றீர்கள். இப்போது வேண்டாம். ரத்தம் கொதிப்பது புரிகிறது. நீங்கள் கேட்டுவிட்டு வந்த பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது அக்கா. 'உன் தம்பிகிட்ட என்ன சொன்ன' என்பதிலிருந்து ஆரம்பித்து, தம்பி வரக்கூடாது என்பதில் போய் முடியும். மிச்சமிருக்கும் ஒரு கதவும் சாத்திக்கொள்ளும். அதைவிடக் கனமான காரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் பதினோரு நகரங்களில் கணவரால் அல்லது காதலரால் கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி ஜாக்குலின் கேம்ப்பெல் குழுவினர் நடத்திய ஆய்வு 2003-ல் வெளிவந்தது. கடுமையாகக் கட்டுப்படுத்தும் துணைவரை விட்டுப் பிரியும்போது ஆபத்து ஏறக்குறைய ஒன்பது மடங்கு உயர்வதாக அதில் கண்டார்கள். துப்பாக்கி மலிந்த நாட்டின் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் பிடி நழுவுகிறது என்று தெரிகிற நேரம்தான் மோசமான நேரம் என்பதை இங்கே வேலை செய்கிற எங்களில் யாரும் மறுக்க மாட்டோம். கழுத்தை நெரித்தது, 'உன்னையும் குழந்தையையும் கொன்னுட்டு நானும்' என்ற பேச்சு, வேலையிடத்துக்குப் பின்தொடர்ந்து வருவது, கர்ப்ப காலத்தில் தள்ளிவிட்டது: இவற்றில் ஒன்று அக்கா வாயிலிருந்து வந்தாலும் பொறுமையாக யோசிக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றே பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள், உடனடி ஆபத்து என்றால் அவசர உதவி எண் 112.

அப்படி எதுவும் இல்லை என்றால் உங்களுக்கு இருக்கும் பெரிய வசதி, நீங்கள் அந்தக் குழந்தைக்குத் தாய்மாமன். வேறு யாரையும் தடுக்கலாம், தாய்மாமன் வருவதை ஊர் உறவு முன்னால் தடுப்பது கஷ்டம். பிறந்தநாள், காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா, தீபாவளிக்குத் துணி என்று ஏதாவது ஒரு சாக்கில் அடிக்கடி போய் வாருங்கள். மாமாவிடம் சிரித்துப் பேசுங்கள். அது நடிப்புதான், பரவாயில்லை. அக்காவோடு பேச வேண்டியதை போனில் எழுதாதீர்கள், குரல் செய்தியாகவும் அனுப்பாதீர்கள். குழந்தையை ஊஞ்சலில் ஆட்டிவிட்டுக்கொண்டோ, பள்ளிக்கூட வாசலிலோ, பத்து நிமிடம் தனியாகக் கிடைத்தால் போதும். "அவர் சரியில்லை, விட்டுட்டு வந்துடு" என்று ஆரம்பித்தால் அக்கா அவருக்காக வாதாடத் தொடங்குவார், அத்தோடு முடிந்தது. பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "அன்னைக்கு வீடியோ கால் வந்ததும் உன் முகம் மாறிடுச்சுக்கா." பிறகு மேலே சொன்ன கேள்வி: "நீ காட்டமாட்டேன்னு சொன்னா என்ன ஆகும்?" பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அந்தக் கேள்வி அவரோடு வீட்டுக்குப் போகும். அடுத்த முறை வேறு ஏதாவது பேச்சுக்கு நடுவில் அவரே சொல்வார், ஆறு மாதம் கழித்தும் சொல்லலாம்.

குடும்ப வன்முறை நடப்பதாக நம்புகிற யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம், நல்லெண்ணத்தில் தந்தால் அவர்மேல் வழக்கு வராது என்று சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே தம்பிக்கு உரிமை உண்டா என்ற உங்கள் தயக்கத்துக்குச் சட்டப்படி பதில், உண்டு. ஆனால் அக்காவுக்குத் தெரியாமல் அதைப் பயன்படுத்தாதீர்கள். ஏற்கெனவே எல்லாவற்றையும் அவருக்குப் பதிலாக வேறொருவர்தான் முடிவு செய்துகொண்டிருக்கிறார். பாதுகாப்பு அலுவலர் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருப்பார். சட்ட உதவிக்கு வருமான வரம்பு பெண்களுக்குக் கிடையாது, 15100-ஐக் கூப்பிடலாம். இந்த எண்களை அக்காவின் போனில் பதிந்துவைக்காதீர்கள், உங்களிடம் இருக்கட்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், அக்காவின் பட்டச் சான்றிதழ்கள், கல்யாணத்துக்குப் போட்ட நகைகளின் ரசீதுகள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் இவற்றின் நகல் ஒன்று அம்மா வீட்டுப் பீரோவில் இருப்பது நல்லது. அம்மாவிடம் எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. குழந்தையைப் பள்ளியில் சேர்க்கத் தேவைப்படும் என்றால் அவரே தேடி எடுத்துக் கொடுப்பார்.